காய்ச்சல், வாந்தி நாட்களில் சர்க்கரை நோயாளிகள் செய்யும் தவறுகள்

சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். காய்ச்சல் பரவும் நாட்களில், புதிதாக இன்சுலின் தொடங்கியவர்கள் அதே தவறுகளோடு வந்து நிற்பார்கள். ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

"சாப்பிடலை, அதான் ஊசி போடலை"

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத சர்க்கரை நோய்) உள்ள ஒரு கல்லூரிப் பையனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். முதல் நாளிலிருந்து வாந்தி. "ஒரு வாய்கூட இறங்கலை சிஸ்டர், அதான் ஊசிய நிறுத்திட்டோம்" என்றார் அம்மா. பையனுக்கு ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கியது. வாயில் புளித்த பழ வாடை. மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. நேராக ஐசியூவுக்குத்தான் அனுப்பினோம்.

உடம்பு சரியில்லாதபோது கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறும். கல்லீரல் தன்னிடமுள்ள குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறுவது இதனால்தான். அப்போது இன்சுலினும் இல்லையென்றால் உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும், ரத்தம் அமிலமாகும். அதனாலேயே வாந்தி வரும். வீட்டிலோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அடுத்த ஊசியையும் தள்ளிப்போடுவார்கள்!

டைப் 1 உள்ளவர்கள், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒருபோதும் தாங்களாக நிறுத்தக் கூடாது. உணவு வேளை ஊசியின் அளவு மாறலாம். அந்தக் கணக்கை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். நள்ளிரவில், வாந்திக்கு நடுவே யோசிக்கிற விஷயமில்லை அது.

"காலையில் பார்த்தோமே"

போதாது. சர்க்கரையை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ராத்திரியிலும். 240 mg/dL-ஐத் தாண்டினால் கீட்டோனையும் பாருங்கள். ரத்தக் கீட்டோன் 1.5 mmol/L-ஐத் தாண்டினால் உடனே மருத்துவருக்கு போன். 3 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர சிகிச்சை.

மாத்திரையை வழக்கம்போல விழுங்குவது

இங்கே கதை தலைகீழ். வாந்தி, பேதியில் உடம்பு வறண்டால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்களுக்கு மீட்டர் எண் 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் ஏறலாம். எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிளிமெபிரைடு என்ற மாத்திரையின் சங்கதி வேறு: அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இருமல் சிரப்பைக் கண்டு பயப்படுவது

ஒரு ஸ்பூனில் பெரிதாக ஒன்றும் ஆகாது. சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டு எழுதித் தந்தால்தான், சர்க்கரை இருக்கிறது என்று சொல்ல மறக்கக் கூடாது.