அசெம்பிளி மொழியைப் பதிவகங்களிலிருந்து தொடங்குதல்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவர்கள், புரொசசர் ஓர் அறிவுறுத்தலைக் கொணர்ந்து, குறிநீக்கி, நிறைவேற்றும் சக்கரத்தை வரைபடமாக வரைந்து பழகியிருப்பார்கள். அந்தச் சக்கரம் தம் சொந்தக் கணினியில் அடியடியாக நகர்வதை நேரில் பார்ப்பதற்கு புரொசசரின் அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாக நாமே எழுதும் அசெம்பிளி மொழியைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆகவே, முதற் செய்நிரல் திரையில் வாழ்த்துச் சொல் எதனையும் காட்ட வேண்டியதில்லை. புரொசசருக்குள் எண்ணைத் தாங்கும் சிறு இடமான பதிவகம் ஒன்றில் எண்ணை இட்டு, அது மாறுவதைக் கண்டாலே போதும் என்பது என் உறுதியான கருத்து.

இன்டெல் அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் 64 பிற்றுப் புரொசசர் கொண்ட எந்தக் கணினியும் இதற்குப் போதுமானது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினாலும் குறையில்லை. பணிசெயல் முறைமையாக உபுண்டு லினக்ஸைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் வசதியின் மூலம் உபுண்டுவை நிறுவிக்கொள்ளலாம். ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளிலும் பெரும்பாலான கைபேசிகளிலும் உள்ள ஆர்ம் புரொசசர்களின் அறிவுறுத்தல்கள் முற்றிலும் வேறானவை என்பதால், இங்கே தரப்படுபவை அவற்றில் நேரடியாக இயங்கமாட்டா. அடுத்து, நாம் எழுதுவதைப் புரொசசரின் குறிகளாக மாற்றும் நாஸ்ம் என்ற அசெம்பிளர், இணைப்பானைக் கொண்ட பினுட்டில்ஸ் என்ற கருவித்தொகுதி, செய்நிரலை அடியடியாக நகர்த்திப் பார்க்க உதவும் ஜிடிபி என்ற வழுநீக்கி ஆகிய மூன்றையும் ஆப்ட் கட்டளையால் நிறுவுங்கள். மூன்றும் இலவசமானவை.

கீழுள்ள கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்; தட்டச்சு செய்யும்போது அனைத்தையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுதுங்கள். மூவ் என்பதற்கு எம், ஓ, வி என்ற மூன்று எழுத்துகளே போதும். ஆட் என்பதற்கு ஏ, டி, டி. சிஸ்கால் என்பதற்கு எஸ், வை, எஸ், சி, ஏ, எல், எல். பதிவகங்களின் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒலித்திருக்கிறேன்.

குளோபல் _ஸ்டார்ட்
செக்‌ஷன் .டெக்ஸ்ட்
_ஸ்டார்ட்:
  மூவ் ஆர்டிஐ, 100
  ஆட் ஆர்டிஐ, 138
  மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
  சிஸ்கால்

100 காலி வீதியிலும் 138 ஹைலெவல் வீதியிலும் ஓடும் பஸ்களின் இலக்கங்கள். வேறு எண்களையும் நீங்கள் இடலாம். முதல் மூன்று வரிகள், செய்நிரல் எங்கே தொடங்குகிறது என்பதை, இயக்கத்தக்க கோப்பை உருவாக்கும் இணைப்பானுக்கு அறிவிக்கின்றன. நான்காவது வரி ஆர்டிஐ பதிவகத்தில் 100ஐ வைக்கிறது; ஐந்தாவது வரி அதனுடன் 138ஐக் கூட்டி, விடையை அதே பதிவகத்தில் விட்டுவிடுகிறது. 64 பிற்று லினக்ஸில் 60 என்பது செய்நிரலை முடித்துவைக்கும் சேவையின் எண்; அதை ஆர்ஏஎக்ஸில் வைத்து சிஸ்காலை அழைத்தால், ஆர்டிஐயில் இருக்கும் எண்ணை வெளியேறும் குறியாக (செய்நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணாக) எடுத்துக்கொண்டு லினக்ஸ் செய்நிரலை முடித்துவிடும்.

கோப்பைக் கூட்டல் என்ற பெயருடனும் ஏஎஸ்எம் என்ற பின்னொட்டுடனும் சேமித்து, 64 பிற்று லினக்ஸுக்கான எல்ஃப்64 கோப்பு வடிவத்தைக் கேட்டு நாஸ்மிடம் ஒப்படையுங்கள். அது தரும் ஓ என்ற பின்னொட்டுடைய கோப்பை எல்டி என்ற இணைப்பானிடம் கொடுத்தால், இயக்கத்தக்க கோப்பு கிடைக்கும். அதை இயக்கினால் திரையில் எதுவும் தோன்றாது. உடனே எக்கோ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, டொலர் குறியையும் கேள்விக்குறியையும் சேர்த்து இட்டால் 238 என்று வரும். இப்போது 100ஐ 155 ஆக மாற்றிப் பாருங்கள். 293 வரவேண்டிய இடத்தில் 37 வரும். வெளியேறும் குறியில் கீழ் 8 பிற்றுகள் மட்டுமே எஞ்சுவதால், 256 கழிந்துவிடுகிறது. ஆர்டிஐ பதிவகத்திலோ 293 முழுமையாகவே இருக்கிறது.

அது உண்மைதானா என்பதை ஜிடிபியில் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் இங்கே அவசரப்படாதீர்கள். 155ஐ இட்டு உருவாக்கிய கோப்பை ஜிடிபிக்குள் திறந்து, ஸ்டார்ட்ஐ என்ற கட்டளையைக் கொடுத்தால் முதல் அறிவுறுத்தலுக்கு முன்னால் செய்நிரல் நிற்கும். அதன்பின் ஒவ்வொரு ஸ்டெப்ஐ கட்டளையும் ஒரேயோர் அறிவுறுத்தலை மட்டும் நிறைவேற்றும். ஒவ்வொரு முறையும் இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ் என்று கேட்டு, ஆர்டிஐயையும், அடுத்த அறிவுறுத்தலின் முகவரியைத் தாங்கும் ஆர்ஐபியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்ஐபி முதலில் 5 பைற்றும், பிறகு 7 பைற்றும், அதன்பின் 5 பைற்றும் முன்னேறும். அறிவுறுத்தல்கள் ஒரே நீளமானவை அல்ல என்பது அப்போது தெளிவாகும். 138க்குப் பதிலாக 100ஐக் கூட்டினால், அந்த அறிவுறுத்தல் 7 பைற்றிலிருந்து 4 பைற்றாகச் சுருங்கும். குறியுடைய ஒரு பைற்றில் 127 வரைதான் அடங்கும் என்பதே காரணம்.

ஜிடிபியில் அறிவுறுத்தல்களைப் பார்க்கும்போது, நீங்கள் ஆர்டிஐ என எழுதிய முதல் வரியில் ஈடிஐ என்றிருக்கும். ஈடிஐ அதே பதிவகத்தின் கீழ் 32 பிற்றுகள். அதில் எழுதினால் மேல் 32 பிற்றுகள் தாமாகவே பூச்சியமாகிவிடுவதால், நாஸ்ம் குறுகிய வடிவத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறது. விடையில் மாற்றமேதும் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களை இதனுடன் கலந்துவிடாதீர்கள். அவற்றுட் பல டொஸ் என்ற பழைய 16 பிற்றுப் பணிசெயல் முறைமைக்கானவை. வேறு பல 32 பிற்று லினக்ஸுக்கானவை, அங்கே வெளியேறும் சேவையின் எண் 1. 1978இல் வந்த 8086 முதல் இன்றுவரை அறிவுறுத்தல்களின் பெயர்கள் பெரிதும் தொடர்ந்து வருவதால், எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் சேவைகளை அழைக்கும் முறை ஒவ்வொன்றிலும் வேறு.

கூட்டல் கைவந்ததும் ஒரு சுற்று எழுதுங்கள். கூட்டல் செய்நிரலின் 100, 138 ஆகிய இரு வரிகளுக்குப் பதிலாக இவை வரட்டும்:

  எக்ஸ்ஓர் ஆர்டிஐ, ஆர்டிஐ
  மூவ் ஆர்சிஎக்ஸ், 10
சுற்று:
  ஆட் ஆர்டிஐ, ஆர்சிஎக்ஸ்
  டெக் ஆர்சிஎக்ஸ்
  ஜேஎன்இசட் சுற்று

எக்ஸ்ஓர் (எக்ஸ், ஓ, ஆர்) ஒரு பதிவகத்தைத் தன்னுடனேயே சேர்த்துப் பூச்சியமாக்குகிறது. டெக் (டி, ஈ, சி) பதிவகத்தின் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. விடை பூச்சியமானால், பூச்சியக் கொடி என்ற ஒற்றைப் பிற்று அடையாளம் ஏற்றப்படுகிறது. கொடி ஏறாதவரை ஜேஎன்இசட் மேலே திரும்பிப் பாய்கிறது. 10 முதல் 1 வரை கூட்டிய 55 வெளியேறும் குறியாக வரும்.

திரையில் எண்ணைக் காட்டும் வேலையை இதற்குப் பிறகு தொடுங்கள். 238ஐ ஆர்ஏஎக்ஸில் வைத்து 10ஆல் வகுத்தால், ஆர்ஏஎக்ஸில் 23உம் ஆர்டிஎக்ஸில் மீதி 8உம் கிடைக்கும். மீதியுடன் 48ஐக் கூட்டினால் அந்த இலக்கத்தின் ஆஸ்கி குறி, அதாவது அதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எண், வரும். ஈவு பூச்சியமாகும்வரை அதை இவ்வாறே வகுத்துக்கொண்டே செல்லுங்கள். ஒவ்வொரு வகுத்தலுக்கும் முன்னர் ஆர்டிஎக்ஸைப் பூச்சியமாக்க மறவாதீர்கள். அதில் முந்தைய மீதி தங்கியிருந்தால் விடை பிழைக்கும், சில வேளை செய்நிரலே இடையில் நிறுத்தப்படும். இலக்கங்கள் 8, 3, 2 என்று பின்னிருந்து வருவதால், நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தையும் கடைசிப் பைற்றிலிருந்து முன்னோக்கி நிரப்புங்கள்.