பேரிடரும் கல்லறைத் தோட்டமும்: ஆய்வுல இறங்குறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளமோ புயலோ அடிச்சு ஓய்ஞ்ச ஊருக்கு ஆய்வுக்குன்னு போறவங்க முதல்ல முகாமுக்குப் போவாங்க, அப்புறம் இடிஞ்ச வீடுங்க, நிவாரணம் குடுக்கிற இடம், ஸ்கூல், ஆஸ்பத்திரி. ஊரோட கல்லறைத் தோட்டம் லிஸ்ட்ல கடைசியில இருக்கும், பல பேர் லிஸ்ட்ல அதுவே இருக்காது. பேரிடர் சமூகவியல்ல ரொம்ப நாளா இருக்கிற ஓட்டை இது. இப்ப புதுசா சில பேர் இந்தப் பக்கம் வர்றாங்க, அது நிஜமாவே சந்தோஷம். ஆனா வர்றவங்க திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தப்புல மாட்டிக்கிறாங்க, அதுவும் ஒரு தீசிஸ் கெட்டுப்போறதோட முடியறதில்ல, கடைசியில அது போய் விழறது செத்தவங்களோட குடும்பத்து தலையில.

முதல் தப்பு எல்லாத்துக்கும் வேர். "செத்தவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போகுது, உயிரோட இருக்கிறவங்களைப் பாப்போம்"னு கல்லறையை ஒதுக்கி வைக்கிறது. அமெரிக்காவுல 1993 வெள்ளத்துல மிசௌரி ஆறு பொங்கி ஹார்டின்ங்கற சின்ன ஊர்ப் பக்கம் வந்தப்ப, அந்த ஊர் கல்லறைத் தோட்டத்தையே அறுத்துக்கிட்டுப் போச்சு, 700க்கும் மேல சவப்பெட்டி, வயக்காடு தாண்டி மைல் கணக்குல அடிச்சுட்டுப் போயிடுச்சு. தேடி எடுத்தாங்க, ஆனா யார் யாருன்னு கண்டுபிடிக்கணுமே, அதுக்கு குடும்பத்துக்காரங்ககிட்டயே கேக்க வேண்டி வந்துச்சு: உங்க அம்மாவுக்கு என்ன டிரஸ் போட்டு அடக்கம் பண்ணீங்க, மோதிரம் இருந்துச்சா, பல்செட் உண்டா, எங்கயாவது ஆபரேஷன் பண்ணியிருந்தாங்களா. எப்பவோ அழுது முடிச்ச சாவை மறுபடியும் முதல்ல இருந்து ஞாபகப்படுத்திச் சொல்லணும். கிடைச்சதுல கொஞ்சம் பேருக்குத்தான் பேர் தெரிஞ்சது, மத்தவங்களை பேர் இல்லாமலே திரும்ப அடக்கம் பண்ணாங்க. இதை "சொத்து சேதம்"ங்கற தலைப்புக்குக் கீழ ஒரு வரியில எழுதிட்டுப் போனா அந்த ஊருக்கு என்ன நடந்துச்சுன்னே நமக்குப் புரியலைன்னு அர்த்தம். கை எரிக்சன்ங்கற சமூகவியலாளர், 1972ல மேற்கு வர்ஜீனியாவுல பஃபலோ க்ரீக் அணை உடைஞ்சு 125 பேர் செத்ததை ஆராய்ஞ்சவர், தனி மனுஷனோட அதிர்ச்சி வேற, ஊரோட பிணைப்பே அறுந்து போற கூட்டு அதிர்ச்சி வேறன்னு பிரிச்சுக் காட்டினார். கல்லறைத் தோட்டம் அந்தப் பிணைப்போட ஒரு முக்கியமான முடிச்சு, என்னைக் கேட்டா பல ஊருக்கு கோயில், சர்ச் இதையெல்லாம் விட முக்கியம்.

அடுத்தது, சவப்பெட்டி மிதக்கறதை ஏதோ அமானுஷ்யம் மாதிரியோ, இல்ல "ஆழமா தோண்டலை, அதான்"னு ஊர்க்காரங்க மேல பழி போட்டோ எழுதறது. விஷயம் சாதாரண இயற்பியல். இறுக்கி மூடின உலோகப் பெட்டிக்குள்ள காத்து அடைஞ்சிருக்கு, அதைச் சுத்தி காங்கிரீட் வால்ட், அதாவது பெட்டியை உள்ள இறக்கி மூடற காங்கிரீட் தொட்டி, அதுக்குள்ளயும் காத்து, மண்ணு முழுக்க தண்ணி ஊறினதும் அது மேல தள்ள ஆரம்பிக்குது, மூடியைத் தள்ளிட்டு பெட்டி கிளம்பிடும். நல்லா காசு செலவு பண்ணி சீல் வச்ச பெட்டிதான் நல்லா மிதக்கும், பாவம் அந்தக் குடும்பம் பாதுகாப்புன்னு நினைச்சு வாங்கினது. அதே பெட்டிகள்ல நிறையதுல ஓரத்துல திருகு மூடி போட்ட ஒரு சின்னக் குழாய் இருக்கும், உள்ள செத்தவங்க பேர் எழுதின காகிதத்தை சுருட்டி வைக்கலாம். அடக்கம் பண்ற அன்னிக்கு யாரோ ஒருத்தர் அஞ்சு நிமிஷம் ஒதுக்கி அதை எழுதி வச்சிருந்தா, முப்பது வருஷம் கழிச்சு ஒரு பெட்டி எங்கயோ கரை ஒதுங்கினாலும் வீடு வந்து சேரும். எழுதலைன்னா குழாய் காலியா இருக்கும். ஃபீல்டுக்குப் போறவங்க இந்தக் குழாயைப் பத்தி ஃபியூனரல் ஹோம்ல, அதாவது அடக்க வேலையை எடுத்து நடத்தற நிறுவனத்துல, கண்டிப்பா கேளுங்க, யார் நிரப்பினாங்க, எப்போ இருந்து நிரப்பறாங்க, எந்தக் குடும்பங்களுக்கு நிரப்பலை, இந்த மூணு கேள்வியிலயே ஒரு சேப்டருக்கு விஷயம் கிடைக்கும்.

நியூ ஆர்லியன்ஸ்ல கல்லறை எல்லாம் தரைக்கு மேல இருக்கிறது நிலத்தடி நீர் மேல இருக்கிறதாலதான்னு ஒத்தைக் காரணம் சொல்றதும் இந்த வகைதான். பிரெஞ்சு, ஸ்பானிஷ் பழக்கவழக்கத்துக்கும் அதுல பெரிய பங்கு இருக்கு. மண்ணை மட்டும் பாத்து மனுஷங்களை விட்டுடாதீங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற தப்புக்கு வர்றேன். பேரிடர் எல்லாரையும் ஒண்ணாக்கிடும், சாவுக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு நம்பிக்கிட்டு எழுதறது. 1928 செப்டம்பர்ல ஃப்ளோரிடாவுல ஒக்கீச்சோபி ஏரியைத் தள்ளிக்கிட்டு வந்த புயல்ல குறைஞ்சது 2,500 பேர் செத்தாங்க, பெரும்பாலும் வயல் வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளிங்க. வெஸ்ட் பாம் பீச்ல உட்லான் கல்லறைத் தோட்டத்துல வெள்ளைக்காரங்க 69 பேரை பெட்டியில வச்சு அடக்கம் பண்ணாங்க, அதே ஊர்ல ஏழைங்க இடுகாட்டுல ஒரே பள்ளத்துல 674 பேர், பெட்டி கிடையாது, பேர் கிடையாது, மேல ஒரு கல்லு கூட கிடையாது. பிணத்தைத் தூக்கற வேலையையும் கறுப்பினத்தவங்களையே மிரட்டிச் செய்ய வச்சாங்க. அதுக்கப்புறம் அந்த நிலம் கை மாறிச்சு, பக்கத்துல ரோடு வந்துச்சு, ஊர்க்காரங்க விடாம குரல் குடுத்து 2000ல தான் நகர நிர்வாகம் அதைத் திரும்ப வாங்குச்சு. ஆக அந்தப் பேரிடர் எப்ப முடிஞ்சுது, 1928லயா? நிகழ்ச்சி நடந்த வாரத்தோட ஆய்வை முடிச்சுக்கிறவங்களுக்கு இந்த 72 வருஷம் கண்ணுல படவே படாது. அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துல ஐரன்டன்னு ஒரு ஊர், அடிமைத்தனத்துல இருந்து விடுபட்டவங்க குடியேறின இடம், 1980 வரைக்கும் அங்க குழாய்த் தண்ணியே வரலை, 2021ல ஐடா புயல் வந்தப்ப அங்க சவப்பெட்டிங்க இடம் பெயர்ந்து கிடந்துச்சு. தண்ணி வராத வருஷங்களையும் பெட்டி மிதந்த வருஷத்தையும் சேர்த்து வச்சுப் பாக்கணும், தனித்தனியா பாத்தா ரெண்டுமே புரியாது.

பிணத்தை உடனே புதைக்கலைன்னா கொள்ளை நோய் வரும்ங்கற பேச்சையும் அப்படியே எடுத்து எழுதிடாதீங்க. வெள்ளத்துலயும் நிலநடுக்கத்துலயும் அடிபட்டு, மூழ்கி செத்தவங்க உடம்புல இருந்து ஊருக்குள்ள நோய் பரவி கொள்ளை நோயாகறது இல்ல, உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் இதைப் பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. காலரா மாதிரி நோய்ல செத்தவங்க விஷயம் வேற, அங்க ஜாக்கிரதை வேணும், பிணத்தைத் தொடற ஆளுங்களுக்கும் கையுறை எல்லாம் வேணும். ஆனா பயத்துல அவசரமா பெரும் பள்ளம் தோண்டி மொத்தமா போட்டுட்டா அப்புறம் யாரு எங்கன்னு தெரியாது. இறப்புச் சான்றிதழ் இல்லாம சொத்து மாறாது, பென்ஷன் வராது, துணையை இழந்தவங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கிறதுலயும் சிக்கல். ஜப்பான்ல 2011 சுனாமிக்கு அப்புறம் தகன மேடைங்க போதாம மியாகி மாகாணத்துல மட்டும் 2,000க்கும் மேற்பட்ட உடல்களைத் தற்காலிகமா புதைச்சாங்க, வரிசையா, நம்பர் போட்டு. எரிக்கிறதுதான் அங்க வழக்கம், அதனால குடும்பங்களால தாங்க முடியலை, அந்த வருஷத்துக்குள்ளயே எல்லாத்தையும் தோண்டி எடுத்து தகனம் பண்ணி முடிச்சாங்க. நம்பர் போட்டதாலதான் அது முடிஞ்சுது, அதை கவனிங்க.

இந்த நம்பர் விஷயத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கு, அது நம்ம துறையோட பிறப்போடயே சேர்ந்தது. 1912ல டைட்டானிக் மூழ்கினப்ப கனடாவோட ஹாலிஃபேக்ஸ் ஊருக்குத்தான் உடல்களைக் கொண்டு வந்தாங்க. ஜான் பார்ன்ஸ்டெட்ங்கற அதிகாரி ஒவ்வொரு உடலுக்கும் ஒரு நம்பர், அதே நம்பர் போட்ட ஒரு துணிப் பையில அவங்க பாக்கெட்ல இருந்த பொருள், தோற்றம் பத்தின விவரம்னு ஒரு முறை கொண்டு வந்தார். அங்க அடக்கமான 150 பேர்ல ஃபேர்வியூ கல்லறைத் தோட்டத்துல 121, கத்தோலிக்கத் தோட்டத்துல 19, யூதத் தோட்டத்துல 10. அஞ்சு வருஷம் கழிச்சு 1917 டிசம்பர் 6ல அதே ஊர் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு 2,000 பேர் அளவுக்கு செத்தப்ப அதே முறையை அவர் மகன் ஆர்தர் கையில எடுத்தார். அந்த வெடிப்பைப் பத்தித்தான் சாமுவேல் பிரின்ஸ் 1920ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஆய்வு எழுதினார், பேரிடர் சமூகவியலோட முதல் ஆய்வுன்னு எல்லாரும் சொல்றது அதைத்தான். அவர் ஹாலிஃபேக்ஸ்ல பாதிரியாரா இருந்தவர், டைட்டானிக்ல செத்தவங்க உடலைத் தேடிப் போன கப்பல் ஒண்ணுல போனவர். இப்ப அவரை மேற்கோள் காட்டறவங்க "பேரிடர் சமூக மாற்றம் கொண்டு வரும்"ங்கற ஒரு வரியோட நிறுத்திக்கிறாங்க, பிணத்துக்கும் அடக்கத்துக்கும் பக்கத்துல நின்ன ஒரு ஆள்தான் இந்தத் துறையைத் தொடங்கி வச்சார்ங்கறதை விட்டுடறாங்க. 1963ல க்வாரன்டெல்லி, டைன்ஸ், ஹாஸ்னு மூணு சமூகவியலாளருங்க சேர்ந்து அமெரிக்காவோட ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல பேரிடர் ஆய்வு மையம் தொடங்கினப்ப கவனம் நிறுவனங்க பக்கம், கூட்ட நடத்தை பக்கம் திரும்பிச்சு, அது நியாயமான கவனம்தான், ஆனா கல்லறை ஓரமா போனது போனதுதான்.

கல்லை மட்டும் டேட்டாவா எடுக்கிறது இன்னொண்ணு. வரிசையா நடந்து கல்லுல இருக்கிற வருஷத்தை எல்லாம் எக்ஸெல்ல ஏத்தி, "இந்த வருஷம் சாவு அதிகம்"னு கிராஃப் போட்டுடறாங்க. கல்லு வைக்கக் காசு இருந்தவங்க மட்டும்தான் அந்த கிராஃப்ல இருக்காங்க. மரச் சிலுவை மக்கிப் போயிருக்கும், அமெரிக்காவுல கறுப்பினத்தவங்க தோட்டத்துல சிப்பி ஓடு, செடி, சும்மா ஒரு காட்டுக்கல்லு இதுதான் பல இடத்துல அடையாளம், தெரியாதவங்க கண்ணுக்கு அது வெறும் புதர். பேர் இருக்கிற இடத்துல ஆள் இல்லாமலும் இருக்கும், கடல்ல போனவங்களுக்கு வெறும் நினைவுக்கல்லு. அதனால கல்லோட சேர்த்து சர்ச் ரெஜிஸ்டர், ஃபியூனரல் ஹோம் கணக்கு, புல்லு வெட்டறவர், வயசானவங்க ஞாபகம், நாலையும் பாருங்க. புல்லு வெட்டறவரை யாரும் இன்டர்வியூ பண்றதே இல்ல, ஆனா எந்தக் குழி எந்த மழைக்கு உள்வாங்கும்னு அவருக்குத்தான் தெரியும்.

யார் கல்லறைங்கற கேள்வியையும் சுலபமா முடிச்சுடாதீங்க. சமூகக் கல்லறைத் தோட்டம்னா பல நேரம் பத்திரம் செத்துப் போன ஒருத்தர் பேர்ல இருக்கும், பராமரிப்பு நிதி இருக்காது, ஒரு சங்கம் இருந்திருக்கும், அதுல ரெண்டு பேர் மிச்சம். புயலுக்கு அப்புறம் உதவி கேக்கிற நேரத்துல இது பெரிய சிக்கல், யார் கையெழுத்து போடறது? அமெரிக்காவுல ஃபீமாங்கற மத்திய அரசு பேரிடர் அமைப்போட உதவியில இடம் பெயர்ந்த உடலைத் திரும்ப அடக்கம் பண்ற செலவுக்கு குடும்பம்தான் விண்ணப்பிக்கணும், குடும்பமே வேற ஊருக்குப் போயிட்டா அந்தப் பெட்டிக்கு விண்ணப்பிக்க ஆள் இல்ல. லூசியானாவுல இதுக்குன்னே ஒரு மாநிலக் குழு இருந்து குடும்பங்களுக்கு ஃபார்ம் நிரப்ப உதவறாங்க, மத்த இடத்துல அப்படி ஒண்ணு இருக்கும்னு எடுத்துக்காதீங்க. போர்ட்டோ ரிக்கோல 2017 மரியா புயல்ல லாரெஸ் ஊர் கல்லறைத் தோட்டம் சரிஞ்சு, வருஷக்கணக்குல கேட்டைப் பூட்டியே வச்சிருந்தாங்க, அப்பா கல்லறைக்குப் பூ வைக்கப் போக முடியாம மக்கள் வெளிய நின்னாங்க.

எத்திக்ஸ் கமிட்டி விஷயம் சுருக்கமா சொல்றேன். அமெரிக்க விதிப்படி ஆய்வுக்கு உட்படுற "மனுஷர்"னா உயிரோட இருக்கிறவங்க மட்டும்தான், அதனால செத்தவங்களைப் பத்தின வேலைக்கு அனுமதி தேவையில்லைன்னு பதில் வரலாம். அதைக் கையில வச்சுக்கிட்டு திறந்து கிடக்கிற கல்லறையை போட்டோ எடுத்து ஸ்லைடுல போடறாங்க. தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஒரு மகள் அந்த போட்டோவைப் பாப்பா. ஜிபிஎஸ் இடத்தையும் அப்படியே வெளியிடாதீங்க, திருடறவங்களுக்கு அது வழிகாட்டி. முதல் வாரத்துலயே ரெக்கார்டரோட போய் நிக்காதீங்க, போனா வேலைக்கு ஒரு கை குடுங்க, பேட்டி அப்புறம்.

கடைசியா ஒண்ணு, டேட்டாவை எடுத்துட்டு வந்துடறது. நீங்க போட்ட வரைபடம், நீங்க சேர்த்த பேர் பட்டியல், அது அந்த ஊருக்கு அடுத்த புயலுக்கு முன்னாடி தேவைப்படற பொருள். ஜர்னல்ல வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆகும், அதுக்காகக் காத்திருக்காம பிரிண்ட் எடுத்து சர்ச்சுக்கு ஒண்ணு, ஃபியூனரல் ஹோமுக்கு ஒண்ணு, கவுன்டி ஆபீஸுக்கு (நம்ம மாவட்ட ஆபீஸ் மாதிரி) ஒண்ணு குடுத்துடுங்க. நாலாவது காப்பி அந்த ஊர் வெள்ளம் எட்டாத வேற ஊர்ல ஒரு சொந்தக்காரர் வீட்டுல இருக்கட்டும், ஏன்னா ரெஜிஸ்டர் வச்சிருக்கிற சர்ச்சும் அதே தாழ்வான நிலத்துலதான் இருக்கு.