வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். வேறு வேண்டுமென்றால் ஏவி-டெஸ்ட் ஆய்வக முடிவுகளைப் பாருங்கள்: பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் 6, மொத்தம் 18 மதிப்பெண். மூன்றாவதில் குறைந்தால், நல்ல ஃபைலையே வைரஸ் என்று பிடிக்கிறது என்று அர்த்தம். முதலாண்டுச் சலுகையில் மயங்காதீர்கள். புதுப்பிக்கும் விலைதான் உண்மையான விலை.

ஒரே நேரத்தில் இரண்டு வேண்டவே வேண்டாம். ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் இரண்டும் சோதிக்கப் போட்டியிடும், கணினி திணறும். பழையதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்த பிறகே புதியதைப் போடுங்கள்.

பிறகு, ஆன்டிவைரஸ் வேலை செய்து எச்சரிக்கிறதா என்று பார்க்க, அதற்கென்றே உள்ள ஐகார் (EICAR) சோதனை ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள். வெறும் 68 எழுத்துகள், தீங்கில்லாதது. பிரவுசரே தடுத்தால், அந்த எழுத்துகளை நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். அப்போதும் எச்சரிக்கை வராவிட்டால், ரியல்-டைம் பாதுகாப்பு (ஃபைல்களை உடனுக்குடன் சோதிக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.