மிச்சம் பிடிக்கும் மாத்திரை: விலை கூடிய இதய மருந்து கிராமத்தில் அரைகுறையாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

விலை கூடிய இதய மருந்தை யாரும் திடீரென்று நிறுத்துவதில்லை. மிச்சம் பிடிக்கத் தொடங்குகிறார்கள். காலை, இரவு என்று எழுதித் தந்தது காலை மட்டும் என்றாகிறது. ஒரு மாத அட்டை இரண்டு மாதம் வருகிறது. கேட்டால் "தினமும் சாப்பிடுகிறேன்" என்பார். அது பொய்யும் இல்லை. வீடு வீடாகப் போகும் செவிலியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் இந்தக் குறிப்பு.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். அட்டையை வாங்கி எண்ணுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபானை நாளுக்கு இரண்டு வேளை போட வேண்டும். 60 மாத்திரை வாங்கி 20 நாள் ஆகிறது என்றால் 40 தீர்ந்திருக்க வேண்டும், 20 மீதி இருக்க வேண்டும். கையில் 38 இருந்தால் 22தான் உள்ளே போயிருக்கிறது, அதாவது 55 சதவீதம். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கொள்வது வழக்கம். போன மாத மீதி வேறு டப்பாவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையேல் கணக்கு தப்பும். அட்டையைப் பார்த்தாலே பல நேரம் கதை புரிந்துவிடும்: காலை வரிசை முழுக்கக் காலி, இரவு வரிசை அப்படியே இருக்கும்.

மிச்சம் பிடிப்பது ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். உடம்பில் அபிக்சபானின் அளவு சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. ஒரு வேளை மட்டும் போட்டால் நாளின் பின்பாதியில் ரத்தம் உறைவதைத் தடுக்கப் போதிய மருந்து உடம்பில் இருக்காது. குறைத்ததால் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது, அதுதான் வினை. முதல் அறிகுறியே பக்கவாதமாக இருக்கலாம். அதே வேலையைச் செய்யும் ரிவரோக்சபான் 15, 20 மி.கி. மாத்திரைகளை வயிறு நிறையச் சாப்பிடும் வேளையில்தான் போட வேண்டும். வெறும் வயிற்றில் 20 மி.கி. போட்டால் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. விடியலில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர் முழுக் காசு கொடுத்தும் முழு மருந்தைப் பெறுவதில்லை. அதே வகையைச் சேர்ந்த டபிகட்ரான் மாத்திரைக் கூட்டைப் பிரித்துப் பொடியைக் கொட்டிக் கொடுக்கவே கூடாது. உடம்பில் ஏறும் அளவு எகிறி ரத்தக்கசிவு வரலாம். ஈரமும் அதற்கு ஆகாது, வாராந்தர மாத்திரைப் பெட்டிக்கு மாற்றாமல் வந்த டப்பாவிலேயே இருக்கட்டும்.

டிகாக்ரெலர், இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது; 90 மி.கி. இரண்டு வேளை. சிலருக்கு இது மூச்சு வாங்க வைக்கும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவர்களாகவே நிறுத்துவார்கள். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இப்படி நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறலுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதே வேலைக்கான குளோபிடோகிரெலுக்கு மாற்ற வழி இருக்கிறது. அந்த மாற்றத்தை மருத்துவர் செய்யும் வரை ஒரு வேளைகூட விடக்கூடாது.

இதயச் செயலிழப்புக்குத் தரும் சாகுபிட்ரில்–வல்சார்டனில்தான் எனக்குப் பயம் அதிகம். அது தீர்ந்ததும் வீட்டில் கிடக்கும் பழைய எனலாபிரில், ராமிபிரில் அட்டையை எடுத்துப் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவே 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லையேல் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம். புதிய மருந்து தொடங்கிய அன்றே பழைய அட்டைகளைத் தேடி எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பல நாள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே தாமாகத் தொடங்கவும் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் நிற்பது வேறு மாதிரி. வாந்தி, பேதி என்றால் நிறுத்தச் சொல்வார்கள், திரும்பத் தொடங்கச் சொல்ல ஆள் இருக்காது. நிறுத்தும்போதே "வழக்கம்போல் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆனதும் மறுபடி" என்று சீட்டில் எழுதிவிடுங்கள்.

கொலஸ்ட்ரால் ஊசிகளில் எவோலோகுமாப், அலிரோகுமாப் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மின்சாரம் நிலையில்லாத இடத்தில் இது தலைவலி. இன்க்ளிசிரானுக்குக் குளிர்பெட்டி தேவையில்லை; முதல் ஊசி, 3 மாதத்தில் அடுத்தது, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் சுகாதாரப் பணியாளரே போடுவது. தொலைவில் இருப்பவருக்கு இது வசதி, ஆனால் ஒரே நேரத்தில் பெரிய தொகை வேண்டும்.

எண்ணி முடித்ததும் காசைப் பற்றிப் பேசுங்கள். "எத்தனை நாளுக்கு வாங்க முடியும்?" என்று நேராகக் கேட்டால் பதில் வரும். "ஏன் சாப்பிடவில்லை?" என்றால் வராது. அந்தப் பதிலை அப்படியே மருத்துவரிடம் சேருங்கள். அதே மருந்து விலை குறைந்த ஜெனரிக்காக (கம்பெனிப் பெயர் இல்லாமல்) இருக்கலாம். இல்லாவிட்டாலும் சாகுபிட்ரிலுக்குப் பதில் எனலாபிரில், கொலஸ்ட்ரால் ஊசிக்கு முன் ஸ்டேட்டின், எசெடிமைப் மாத்திரைகள் என்று வழிகள் உண்டு. விலை கூடிய மருந்தைத் திருட்டுத்தனமாகப் பாதி சாப்பிடுவதைவிட, சொல்லிவிட்டு மலிவான மருந்தை முழுதாகச் சாப்பிடுவது மேல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் மலிவு, ஆனால் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அடிக்கடி போக வேண்டும். போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பாருங்கள். ருமாட்டிக் நோயால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கும் உலோக வால்வு வைத்தவருக்கும் வார்ஃபரின்தான் சரியான மருந்து. ருமாட்டிக் இதய நோயோடு இதயத் துடிப்புச் சீர்குலைவும் உள்ளவர்களிடம் நடத்தி 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே நல்ல பலன் தந்தது.

அடுத்த மருந்து வாங்கும் தேதி, கையிருப்பு தீர 10 நாள் இருக்கும்போதே வரட்டும். மழை, பேருந்து இல்லாமை, கடையில் இருப்பு இல்லாமை எல்லாவற்றையும் அந்த 10 நாள் தாங்கும். அட்டையில் அந்த இடத்திலிருக்கும் மாத்திரையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள்: "இதைத் தொட்டால் கிளம்ப வேண்டும்."

ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்பதையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். அபிக்சபான், ரிவரோக்சபான் 20 மி.கி.: அன்றைக்கே நினைவு வந்தால் உடனே. டபிகட்ரான்: அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடவும். டிகாக்ரெலர்: மறந்ததை விட்டுவிட்டு அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில். எதிலும் இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது.