பெரியவர்களுக்குச் சாலை விதி சொல்லித்தரப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் இரண்டு பேர், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களை உட்காரவைத்துப் புதிய சாலை விதிகளை விளக்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனசுக்காரப் பிள்ளைகள். ஆனால் நான் முதலில் செய்த தவறுகளையே வரிசையாகச் செய்தார்கள். பொறுமையாகப் பேசுங்கள், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன்.

எல்லா விதியையும் வாசிப்பது

அவர் எங்கெல்லாம் போகிறார் என்று முதலில் கேளுங்கள். மார்க்கெட், கிளினிக், கோயில், ஈப்போவில் மகள் வீடு. அந்த வழியில் அவருக்குத் தேவைப்படுகிற விதிகள் போதும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை போய் வாருங்கள். பெருநாள் காலத்தில் கூட்டரசு சாலையில் வேக வரம்பு 90 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகக் குறைவதை அந்தச் சாலையிலேயே சொன்னால் மனதில் நிற்கும். பின் இருக்கை பெல்ட் 2009 முதல் கட்டாயம், குழந்தை இருக்கை 2020 முதல். பேரனைப் பாட்டி மடியில் வைத்துக்கொண்டு வருகிற காரில்தான் இதைச் சொல்ல வேண்டும், மண்டபத்தில் அல்ல.

செயலியை உங்கள் கைப்பேசியில் போட்டுக்கொள்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். 2023 பிப்ரவரி 10 முதல் ரோட்டாக்ஸை, அதாவது சாலை வரி வில்லையை, கார் கண்ணாடியில் ஒட்டுவது கட்டாயமில்லை, லைசன்ஸ் அட்டையும் கையில் வேண்டாம், சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்றானது. என் பெரியப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அவருடைய அடையாள அட்டை எண்ணைப் போட்டு என் கைப்பேசியில் பதிவு செய்தேன். பழைய ரோட்டாக்ஸைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். "இனி இது எதுக்கு பெரியப்பா, எல்லாம் போன்லயே இருக்கு" என்றேன்.

யார் போனில்? என் போனில். அடுத்த வருடம் போனை மாற்றினேன். அந்தச் செயலியைத் திரும்பப் போடவே இல்லை.

பெரியப்பா நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட ரோட்டாக்ஸைத் தவறவிட்டதில்லை. மார்க்கெட் வாசலில் பெரியம்மாவுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் கண்ணாடியில் இருந்த தேதி அவர் கண்ணில் படும். அந்தத் தேதியைத்தான் நான் சுரண்டி எறிந்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். ரோட்டாக்ஸ் முடிந்து நாலு மாதம், காப்புறுதியும் அதோடு போயிருந்தது. கண்ணாடி மூலையில் வட்டமாக நின்ற பசைத் தடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்கதான் இருந்துச்சு சார்" என்று அந்த இளம் அதிகாரியிடம் சொன்னாராம்.

அபராதச் சமனை நான் கட்டினேன். ஆனால் மூன்று மாதம் அவர் காரைத் தொடவில்லை, இரத்த அழுத்த மாத்திரைக்குக் கிளினிக்கும் போகவில்லை. அந்த நாலு மாதத்தில் யார் மேலாவது மோதியிருந்தால்? வீட்டை விற்றாலும் கட்டித் தீர்ந்திருக்காது.

கட்டாயமில்லை என்றால் கூடாது என்று அர்த்தமில்லை. கண்ணாடியில் தேதி வேண்டும் என்று அவர் சொன்னால் இருக்கட்டும். ரோட்டாக்ஸும் காப்புறுதியும் முடியும் தேதியைத் தடித்த பேனாவில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். வீட்டு நாட்காட்டியில் மூன்று வாரம் முன்னதாக வட்டம் போடுங்கள். ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறாரா? சரி, அவர் போனில், அவர் கையாலேயே திறந்து மூன்று தடவை காட்டச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகள் முன்னால் திருத்துவது

கூடவே கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்புவது

"உங்களுக்குச் சமன் இருக்கிறது, இந்தக் கோப்பைத் திறங்கள்" என்று வருவது மோசடி. அதைத் திறந்தால் வங்கிப் பணம் போகும். நீங்கள் விதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பழக்கினால், அதையும் நீங்கள் அனுப்பியதாக நினைத்துத் திறப்பார். நேரில் சொல்லுங்கள்.

மோட்டார் சைக்கிள் லைசன்ஸை மறப்பது

காரைப் பார்ப்போம், கோயிலுக்குப் போகிற மோட்டாரை மறப்போம். லைசன்ஸ் முடிந்து மூன்று வருடம் தாண்டினால் தேர்விலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எழுபது வயதில் யாரும் எல் லைசன்ஸ் எடுக்கப் போவதில்லை, இல்லாமலேயே ஓட்டுவார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவர் பர்ஸில் இருக்கும் அட்டையைக் கேட்டு வாங்கித் தேதியைப் பாருங்கள்.