குவாதல்மெதினா: ஓர் ஆற்றின் பெயரைப் படித்தறியும் முறை

தென் ஸ்பெயினின் ஆற்றுப் பெயர்களுக்குப் பொருள் தேடுவோர் அகராதியைத் திறப்பதற்கு முன் வரைபடத்தை விரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாலகா நகரத்தின் சிற்றாறான குவாதல்மெதினாவைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து அது கடலில் கலக்கும் இடம் வரை விரலை வைத்துத் தொடருங்கள். மாலகாவுக்கு வடக்கே கமரோலோஸ் மலைத்தொடரில் தோன்றும் இந்த ஆறு, ஏறக்குறைய 47 கி.மீ. தெற்கு நோக்கி இறங்கி, பழைய நகரைக் கிழக்குக் கரையிலும் பெர்ச்செல், திரினிதாத் ஆகிய குடியிருப்புகளை மேற்குக் கரையிலும் விட்டு, மத்தியதரைக் கடலில் கலக்கிறது. நகருக்குச் சற்று மேலே எல் லிமோனேரோ அணை நீரைத் தேக்கி வைப்பதால், ஊருக்குள் பெரும்பாலும் வறண்ட படுகையே கண்ணில் படும். ஆயினும் செங்குத்தான மலைச்சரிவுகளில் பெருமழை பெய்தால் நீர் எவ்வளவு விரைந்து இறங்கும் என்பதை, அணை கட்டப்படுவதற்கு முன் 1907 செப்டம்பரில் உயிர்களைப் பறித்த வெள்ளம் காட்டியது.

அடுத்து, பெயரைப் பிரியுங்கள். வரைபடத்தில் 'ரியோ குவாதல்மெதினா' என்றிருக்கும். முன்னால் நிற்கும் 'ரியோ' ஸ்பானிய மொழியில் ஆற்றைக் குறிக்கும் பொதுச்சொல் ஆகையால் அதைத் தனியே வைத்துவிடலாம். 'குவாத்' என்பது ஆற்றையும் பள்ளத்தாக்கையும் குறிக்கும் அரபுச் சொல்லான 'வாதி'யின் திரிபு. அரபு மொழியின் வகரம் ஸ்பானிய நாவில் 'குவ' என்று ஒலிக்கத் தொடங்கியது. 'அல்' அரபு மொழியின் சுட்டு இடைச்சொல். 'மதீனா' என்றால் நகரம். ஆக, இது 'நகரத்து ஆறு'. 1487இல் கிறித்தவ அரசான காஸ்தீலின் படை கைப்பற்றும் வரை பல நூற்றாண்டுகள் முஸ்லிம் ஆட்சியில் இருந்த மாலகாவின் நடுவே ஓடும் ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாலைநிலங்களில் 'வாதி' என்பது மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் தடத்தைக் குறிப்பதால், குவாதல்மெதினாவின் வறண்ட படுகைதான் பெயருக்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கப்பல் செல்லும் அளவுக்குப் பெரிய குவாதல்கிவிர் ஆறும் 'வாதி'தான். அதன் பெயருக்குப் 'பேராறு' என்பதே பொருள்.

'குவாத்' நீக்கியபின் எஞ்சும் பகுதி அரபு மொழியில் பொருள் தராவிட்டால், ரோமானியர் வழங்கிய பெயரைத் தேடுங்கள். குவாதியானா என்ற ஆற்றுப் பெயரின் பிற்பகுதி, அவர்கள் அந்த ஆற்றுக்கு வழங்கிய 'அனாஸ்' என்ற பெயரே. அதன் முன்னே 'வாதி' பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது.