சி மொழியில் பேஸ்64: பைற்றுகளை எழுத்தாக்கி, மீண்டும் பைற்றாக்குவது எப்படி?

ஒரு படத்தையோ சென்சர் தரவையோ ஜேசனுக்குள் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம், JSON) வைத்து அனுப்ப வேண்டுமென்றால் பைற்றுகளை அப்படியே திணிக்க முடியாது. நடுவில் 0 வந்தாலே சிக்கல். அதற்குத்தான் பேஸ்64: எந்தப் பைற்றையும் 64 குறிகளால் மட்டும் எழுதும் முறை. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறியவை 26, இலக்கம் 10, கூடவே + மற்றும் /. மறைத்து வைக்க இது உதவாது. யார் வேண்டுமானாலும் திருப்பி வாசிக்கலாம்.

படி 1: முதலில் கையால்

"க" யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைற்றாகச் சேமிக்கும் முறை, UTF-8) மூன்று பைற்று: 224, 174, 149. இருமத்தில் 11100000 10101110 10010101. இந்த 24 பிற்றையும் ஆறாறாக வெட்டுங்கள்: 56, 10, 58, 21. அட்டவணையில் 0–25 பெரிய எழுத்து, 26–51 சிறியவை, 52–61 இலக்கம், 62 என்றால் +, 63 என்றால் /. ஆக விடை: 4, பெரிய கே, 6, பெரிய வி.

படி 2: இடம் ஒதுக்குதல்

4 * ((நீளம் + 2) / 3) + 1. இங்கே வகுத்தலில் மீதி விடப்படும். கடைசி 1, சரத்தை முடிக்கும் பூச்சியத்துக்கு. "கொழும்பு" 24 பைற்று; எனவே 33 ஒதுக்க வேண்டும். நீளத்தை ஸ்ட்ர்லென் (சரத்தின் நீளம் காணும் strlen) கொண்டு அளக்காதீர்கள், முதல் பூச்சியத்திலேயே நின்றுவிடும். அதைத் தனி மாறியாகவே அனுப்புங்கள்.

படி 3: எழுத்தாக்குதல்

(அ << 16) | (ஆ << 8) | இ என அடுத்தடுத்த மூன்று பைற்றுகளையும் சேர்த்து, 18, 12, 6, 0 என வலப்பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் & 63 போடுங்கள். மிச்சம் ஒரு பைற்று என்றால் இரண்டு எழுத்தும் ==; இரண்டு என்றால் மூன்று எழுத்தும் ஒரு =.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். உள்ளீடு அன்சைன்ட் சார் (குறியற்ற பைற்று வகை, unsigned char) ஆக இருக்க வேண்டும். வெறும் சார் என்றால் சாதாரண லப்டொப்பில் 149 என்பது -107 ஆகி, மேல்பிற்றுகள் எல்லாம் 1 ஆகிவிடும். "க"வுக்கு //+ என்று தொடங்கும் குப்பைதான் வரும். புறக்கோட்டையில் வாங்கிய ராஸ்பெரி பை சிறுகணினியில் அதே நிரல் சரியாக ஓடக்கூடும், அங்கே லினக்ஸில் சார் இயல்பாகவே குறியற்றது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கோப்பைத் துண்டு துண்டாகப் படித்தால் 1024 வேண்டாம், 3072 எடுங்கள். மூன்றால் வகுபடாவிட்டால் நடுவிலேயே = விழும். விண்டோஸில் கோப்பை இரும முறையில் திறக்காவிட்டால் 26 என்ற பைற்றோடு வாசிப்பு நின்றுவிடலாம்.

படி 4: திரும்பப் பைற்றாக்குதல்

256 இடமுள்ள அட்டவணையை முழுக்க 255 ஆல் நிரப்பி, 64 குறிகளுக்கு மட்டும் உரிய எண்ணைப் போடுங்கள். இப்படி வரும் எண்களை நான்கு நான்காக எடுத்து, படி 3இன் தலைகீழாக மூன்று பைற்றாக்குங்கள். 255 வந்தால் பிழை என்று திரும்புங்கள்; பூச்சியமாக எடுத்துக்கொண்டு தொடராதீர்கள். மின்னஞ்சலில் இருந்து வந்ததென்றால் 76 எழுத்துக்குள் வரி உடைந்திருக்கும், அந்த வரிமுறிவுகளை மட்டும் தாண்டலாம். = கடைசியில்தான் வரவேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது.

சோதிக்க, 0 முதல் 255 வரை எல்லாப் பைற்றையும் வரிசையாகக் கொடுங்கள். 344 எழுத்து, முடிவில் == வரவேண்டும். திருப்பியதை மூலத்தோடு மெம்கம்ப் (பைற்றுகளை ஒப்பிடும் memcmp) கொண்டு ஒப்பிடுங்கள். நீளம் 0, 1, 2க்கும் இதையே செய்யுங்கள்.